தண்ணீர்ப் பாம்புக்கும் கரை வேண்டும்

தெற்கு லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் 'பாண்ட்' என்ற பெயரில் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. லண்டன் ரோடும் பிரிக்ஸ்டாக் ரோடும் தோர்ண்டன் ரோடும் கூடும் இடம் அது. பெயரில் குளம் இருக்கிறதே தவிர, ரவுண்டானாவைச் சுற்றித் தண்ணீர் எதுவும் கிடையாது. பிரைட்டன் போகும் பழைய நெடுஞ்சாலையில் வந்த மாடுகளும் குதிரைகளும் ஒரு காலத்தில் அங்கே தாகம் தீர்த்தன. போன நூற்றாண்டில் குளத்தைத் தூர்த்துவிட்டார்கள். அதே ஊரின் பூங்கா வழியாகப் போகும் நார்பரி ஓடையும் கான்கிரீட் வாய்க்காலுக்குள் அடைபட்டுத்தான் ஓடுகிறது.

இந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். முருகன் கோயில் இருக்கிறது. லண்டன் ரோடு நெடுக முருங்கைக்காயும் நெத்தலிக் கருவாடும் விற்கும் கடைகள் இருக்கின்றன. பெரும்பாலானோர் 1980களுக்குப் பிறகு இலங்கையின் வடக்கு, கிழக்கிலிருந்து போரின் காரணமாக வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். ஊர் ஒன்றியம், பழைய மாணவர் சங்கம் என்று ஆளுக்கொரு அமைப்பில் சேர்ந்து பணம் திரட்டி ஊருக்கு அனுப்புவது இவர்கள் வாழ்க்கையில் ஊறிப்போன வழக்கம். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் வாசிகசாலைக்கும் போகும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு குளத்துக்கும் கேணிக்கும் போகிறது.

பணம் போன சில மாதங்களில் வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். நாலு பக்கமும் நெட்டுக்குத்தாக எழுந்த சீமெந்துச் சுவர், அதன் மேல் நடைபாதை, இரும்பு வேலி, மின்விளக்கு, பெயர்ப்பலகை. பார்க்கிறவர்களுக்கு மனம் நிறையும். ஆற்று வளமில்லாத, மழையையும் நிலத்தடி நீரையும் நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் குளத்தைத் தூர்வாரிக் காப்பது புண்ணியமான வேலை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படங்களில் காணாமல் போன ஒன்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஈரமான மண்கரை அது. அதோடு சேர்ந்து அந்தக் குளத்தின் பழைய குடித்தனக்காரர் ஒருவரும் வெளியேற்றப்பட்டுவிட்டார். தண்ணீர்ப் பாம்பு.

ஊர்க் குளத்தில் நீச்சல் பழகிய எவருக்கும் இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நின்று பார்த்தவர்கள் குறைவு. மஞ்சளோ ஆலிவ் பச்சையோ பழுப்போ கலந்த உடலில் சதுரங்கக் கட்டம் போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். நிறத்தை நம்பி அடையாளம் சொல்வது கடினம், பாம்புக்குப் பாம்பு மாறும். முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கீழே ஒன்றும் கண்ணுக்குப் பின்னால் ஒன்றுமாக, மை தீட்டியது போல இரண்டு சாய்ந்த கறுப்புக் கோடுகள் வாய் ஓரத்தை நோக்கி இறங்கும். கண்மணி வட்டமாக இருக்கும். நாசித் துவாரங்கள் சற்றே மேல்நோக்கி அமைந்திருக்கும், அதனால் உடலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும். முதுகுச் செதில்களின் நடுவே மெல்லிய முகடு ஓடுவதால் சாரைப் பாம்பின் வழவழப்பு இதற்கு வராது. தோல் சொரசொரப்பாகத் தெரியும்.

பொதுவாக இரண்டு மூன்று அடி நீளம். பெண் பாம்பு ஆணைவிடப் பெரியது, சில ஒன்றரை மீட்டரைத் தாண்டும். பகலிலும் இரை தேடும், இரவிலும் தேடும். குட்டியாக இருக்கும்போது தலைப்பிரட்டையும் பூச்சியும் மீன்குஞ்சும் உணவு. வளர்ந்தபின் மீனும் தவளையும், வாய்த்தால் எலியும். முட்டை இடும் இனம் இது. கரையோரப் பொந்துகளிலும் வளைகளிலும் ஒரே தடவையில் பத்துக் கணக்கில் இடும். நூறு முட்டை வரை பதிவாகியிருக்கிறது. அவ்வளவு குட்டிகள் பொரித்தும் குளம் பாம்பால் நிரம்பிவிடுவதில்லை, ஏனென்றால் கொக்கு, நாரை, பருந்து, கீரி, உடும்பு, நல்ல பாம்பு என்று ஊரே இதைத் தின்னக் காத்திருக்கிறது. கீழே மீனையும் தவளையையும், மேலே பறவையையும் உடும்பையும் கோத்து வைத்திருக்கும் கண்ணி இந்தப் பாம்பு. அது இருக்கும் குளத்தில் தவளை இருக்கிறது, தவளை முட்டையிடும் ஆழமில்லாத ஓரம் இருக்கிறது, பொந்து தோண்ட மண் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு குளம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான சோதனை கிடையாது.

லண்டனில் வாழும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு கதையும் உண்டு. இந்தப் பாம்பு அறிவியல் உலகுக்கு அறிமுகமானதே லண்டனில் அச்சான ஒரு புத்தகம் வழியாகத்தான். ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகச் சோழமண்டலக் கரையில் வேலை பார்த்தவர், விசாகப்பட்டினத்தில் இருந்தபடி பாம்புகளைச் சேகரித்தார். ஊர் மக்கள் எந்தப் பாம்பை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். எது விஷம், எது விஷமில்லை என்று மக்களுக்குத் தெரிவதற்காகவே வண்ணப் படங்களுடன் 1796இல் நூலை வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான். அந்த நூலில் இருந்த தண்ணீர்ப் பாம்பின் படத்தை ஆதாரமாகக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் 1799இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இப்போது அது ஃபௌலியா பிஸ்கேட்டர். இலங்கையில் மட்டுமே வாழும் அதன் நெருங்கிய உறவினமான ஃபௌலியா ஆஸ்பெர்ரிமஸ் 1891இல் விவரிக்கப்பட்டது, விவரித்தவர் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பூலஞ்சே. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பாம்பு என்பதை ஊரிலேயே பலர் அறியாமல் இருப்பது வருத்தமான விஷயம்.

ரஸ்ஸல் புத்தகம் எழுதி 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. விஷமில்லாத பாம்பை விஷப் பாம்பென்று அடிப்பது இன்னும் நிற்கவில்லை.

அதற்குக் காரணம் பாம்பின் நடத்தையிலும் கொஞ்சம் இருக்கிறது. மூலையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர்ப் பாம்பு முன்னுடலைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கும். அவசரத்தில் பார்க்கிறவருக்கு நல்ல பாம்பு படம் எடுத்தது போலத் தெரியும். சீறும், தயங்காமல் கடிக்கும். கூரான சிறு பற்கள் வரிசையாகக் கீறுவதால் ரத்தம் தாராளமாக வரும். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் கடிபட்டவருக்கு அந்த நேரத்தில் அது எப்படித் தெரியும்? 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னைப் புறநகர் வீடுகளுக்குள் தண்ணீரோடு பாம்பும் வந்தது. இருட்டில், முழங்கால் தண்ணீரில், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறவர் கண்ணுக்குக் கீழே கோடு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க மாட்டார். அந்தப் பயத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அத்தனை பேரைப் பறிகொடுத்த நாட்டில் பாம்பென்றால் படையும் நடுங்கத்தான் செய்யும்.

ஆனால் அந்தச் சாவுகளில் பெரும்பங்கு நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் கணக்கில்தான் சேரும். யாழ்ப்பாணத்தார் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியன் வயலிலும் வரப்பிலும் தோட்டத்திலும் கடிப்பது, குளத்துக்குள் வந்து அல்ல. கட்டு விரியன் பாயில் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே செருப்பும் டார்ச்சும் கொசுவலையும் இல்லாமல், ஆபத்து குறைந்த குளக்கரையில் கம்பும் கல்லுமாகக் கூடுவது உயிர் காக்கும் வேலை ஆகாது.

மருத்துவமனை வரை போகிறது இந்தக் குழப்பம். பாம்புக்கடிக்கு எதிரான விஷமுறி மருந்து ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது, சிலருக்குக் கடுமையாக. விஷம் ஏறியதற்கான அறிகுறி இல்லாதவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ விதி. அந்த மருந்தோ எளிதில் கிடைப்பதும் அல்ல. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்தைப் பெரும்பாலும் ஆதாரமாக வைத்துத்தான் இந்திய நிறுவனங்கள் மருந்து தயாரிக்கின்றன. இலங்கை மருத்துவமனைகளும் இந்தியாவிலிருந்து வரும் மருந்தை நம்பியே இருந்து வந்திருக்கின்றன. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். 1970களில் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்படும்வரை தோலுக்காகப் பாம்பு பிடித்து வயிறு வளர்த்தவர்கள் இருளர்கள். பிடித்த பாம்பை விஷம் எடுத்தபின் உயிரோடு காட்டில் விடும் தொழிலுக்கு அவர்கள் மாறிய கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் இடம்பெறத் தகுந்தது.

கடித்தது எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், மருத்துவர் அறிகுறியைப் பார்த்தும் ரத்தம் உறைகிறதா என்று சோதித்தும் முடிவு செய்வார். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல முடிவு. எந்த ஊரில் எந்தப் பாம்பு, எந்த நேரத்தில் கடிக்கிறது என்ற கணக்கு சேரச் சேர, தண்ணீர்ப் பாம்பின் மேல் விழுந்த பழியும் குறையும்.

தோர்ண்டன் ஹீத் பிள்ளைகளுக்கு இந்தப் பாம்பை எப்படிக் காட்டுவது? அவர்களுக்கு மிக அருகிலேயே அதன் உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். பிரிட்டனில் புல் பாம்பு என்று அழைக்கப்படும் நேட்ரிக்ஸ் ஹெல்வெட்டிகா, நம் தண்ணீர்ப் பாம்பு சேர்ந்த அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. கழுத்தில் மஞ்சள் வளையம், அதை ஒட்டிக் கறுப்புப் பட்டை. கிராய்டனுக்குத் தெற்கே சரே மாவட்டத்தின் குளங்களிலும் ஓடைகளிலும் தவளை தேடித் திரியும். விஷமில்லை. ஐரோப்பாவின் பிற புல் பாம்புகளிலிருந்து இது தனி இனம் என்று 2017இல்தான் உறுதி செய்தார்கள். பிரிட்டனின் பூர்வீகப் பாம்புகளில் முட்டையிடுவது இது ஒன்றுதான், குளிர்நாட்டில் முட்டைக்குச் சூடு வேண்டும் என்பதால் தோட்டத்து எருக்குவியலைத் தேடிப் போகும். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி இதைக் கொல்வதும் காயப்படுத்துவதும் குற்றம். புல் பாம்பு வரட்டும் என்று எருக்குவியல் போட்டு வைப்பவர்களும், தோட்டத்து வலையில் பாம்பு சிக்கி இறக்கிறது என்று வலையை அவிழ்த்து வைப்பவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தண்ணீர்ப் பாம்புக்கும் பாதுகாப்புத் தருகிறது. அதன் பன்னாட்டு வணிகத்தைக் கண்காணிக்க 1984இல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் இந்தியா இதைச் சேர்த்தது. வணிகம் என்ன செய்யும் என்பதற்குக் கம்போடியாவின் தோன்லே சாப் ஏரி சாட்சி. அங்கே மீன் குறையக் குறைய மீனவர்கள் நீர்ப் பாம்பு பிடிக்க இறங்கினார்கள். முதலைப் பண்ணைகளுக்குத் தீனி, மனிதருக்கும் உணவு. ஆண்டுக்கு 69 லட்சம் பாம்புகள் வரை பிடிபட்டதாக 2007இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ் நிலத்தில் அப்படி வேட்டை இல்லை. இங்கே பாம்பை அழிப்பது ஆசை அல்ல, கவனக்குறைவு.

முதலாவது வலை. மெல்லிய நைலான் நூலில் பின்னிய தங்கூசி வலைக்கு மீன் எது, பாம்பு எது என்று தெரியாது. நுரையீரலால் மூச்சு விடும் பிராணி, வலையில் மாட்டி மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. கிழிந்த வலையைக் குளத்திலேயே விட்டுப் போனால் அது மாதக்கணக்கில் கொன்றுகொண்டே இருக்கும். இரண்டாவது வயலில் தெளிக்கும் மருந்து, மழையோடு குளத்துக்கு வந்து தவளையைக் குறைக்கிறது. மீன் வளர்ப்பவர்களுக்கும் இந்தப் பாம்போடு உண்மையான தகராறு இருக்கிறது. குஞ்சு விடும் சிறு தொட்டிகளில் பாம்பு புகுந்தால் இழப்புதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் தொட்டியைச் சுற்றி அடர்ந்த கண்ணி வேலியை மண்ணில் புதைத்துக் கட்டினால் போதும். தொட்டிக்குள் வந்த பாம்புக்காக ஊர்க் குளத்துப் பாம்பையெல்லாம் அடிப்பதில் நியாயமில்லை.

மூன்றாவதுதான் சீமெந்து. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இது நல்லெண்ணத்தோடு நடக்கிறது.

செங்குத்தான சுவரில் பாம்பு ஏற முடியாது. ஆமைக்கும் முடியாது, தவளைக் குஞ்சுக்கும் முடியாது. தவறி விழுந்த கன்றுக்குட்டியோ பள்ளிப் பிள்ளையோ ஏறவும் சரிவு வேண்டும். பாம்பு வெயில் காய மேட்டு மண் வேண்டும். முட்டையிட நண்டு வளையும் எலிப் பொந்தும் வேண்டும். ஒளிந்துகொள்ளக் கோரையும் நாணலும் வேண்டும். கான்கிரீட் கரையில் இவற்றில் ஒன்றும் தங்காது. கரையைச் சுற்றி ராத்திரி முழுக்க எரியும் விளக்கு, இருட்டில் நடமாடும் உயிர்களைக் கலைக்கிறது. எஞ்சுவது தண்ணீர் நிற்கும் ஒரு தொட்டி. தொட்டியில் தவளை குறைந்தால் கொசுப்புழுவுக்குக் கொண்டாட்டம்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். சென்னையில் மாம்பலம் ஏரி தியாகராய நகரானது, நுங்கம்பாக்கம் ஏரியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அது தூர்த்த காலம். இப்போது தூர்வாரும் காலம் வந்திருப்பதில் மகிழ்ச்சி. சுமார் 39,000 ஏரிகள் உள்ள மாநிலத்தில் 2017இல், ஊர் மக்கள் பங்கேற்று ஏரி குளங்களைப் பராமரிக்கும் குடிமராமத்துத் திட்டம் மறுபடி தொடங்கியபோது எத்தனையோ ஊர்களில் நம்பிக்கை பிறந்தது. ஆனால் நகரக் குளங்களுக்கு நிதி வரும்போது மட்டும் முதலில் வருவது நடைபாதை ஓடுதான். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கரையில் நடந்துவிட்டுப் போய்விடுவார்கள். கரையில் வாழ வேண்டியவற்றுக்கு அந்த மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரியும் இருக்காது.

பணம் தருகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. லண்டனில் கூடும் ஊர் ஒன்றியங்கள் கணக்கு அறிக்கை கேட்கின்றன, ரசீது கேட்கின்றன, படம் கேட்கின்றன. அவற்றோடு கரை எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்றும் கேட்கலாம். நாலு பக்கமும் சுவர் என்று பதில் வந்தால், ஒரு பக்கத்துக்கு மட்டும் படித்துறை கட்டிவிட்டு மற்ற பக்கங்களை மண் சரிவாக விடச் சொல்லலாம். சரிவு கரையாமல் இருக்க வெட்டிவேரும் அருகும் நடலாம், கல் பதித்தே தீர வேண்டிய இடத்தில் இடுக்கில் சாந்து பூசாமல் கல்லை அடுக்கச் சொல்லலாம். அந்த இடுக்குகள்தான் பாம்புக்கும் தவளைக்கும் வீடு. இதற்கெல்லாம் ஆகும் செலவு சீமெந்துச் சுவருக்கு ஆவதைவிடக் குறைவு. மிஞ்சும் காசில், குளத்தில் கிடக்கும் பழைய வலையை எடுப்பதற்கும், ஊர்ப் பள்ளியில் புடையனையும் தண்ணீர்ப் பாம்பையும் படம் வைத்துப் பிரித்துக் காட்டும் ஒரு பலகைக்கும் வழி பிறக்கும்.

தூர்வாரும் வேலைக்கும் ஒரு நிபந்தனை போடலாம். வற்றிய குளத்தில் ஜேசிபியை இறக்கி ஒரே வாரத்தில் மூலை முடுக்கெல்லாம் சுரண்டிவிட்டால் ஒளிந்திருப்பவை தப்ப இடமிருக்காது. இந்த ஆண்டு ஒரு பாதி, அடுத்த ஆண்டு மறுபாதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால், வேலை நடக்காத பாதியிலிருந்து தவளையும் மீனும் பாம்பும் மழைக்குப் பின் தாமாகவே மறுபாதிக்குப் பரவிவிடும்.